பிசினஸ் சிமுலேஷன் வகுப்பு: ஸ்கோரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பிசினஸ் சிமுலேஷன் என்றால் வியாபாரத்தை ஆட்டமாக நடத்திப் பார்ப்பது. என் வகுப்பில் முதல் ஆட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் ஒரு வெள்ளைத்தாள் கொடுப்பேன். "கடைக்கு வந்த வாடிக்கையாளர்கள் வாரத்துக்கு வாரம் எவ்வளவு கேட்டிருப்பார்கள்? கோடாக வரைந்து காட்டுங்கள்" என்பேன். வரைவார்கள். கோடு ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். பல தாள்களில் ஒரு மலைத்தொடரே இருக்கும். கடைக்காரராக ஆடியவர் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஏனென்றால் அவருக்கு உண்மை தெரியும். முதல் நான்கு வாரம் 4 பெட்டி பீர், ஐந்தாவது வாரத்திலிருந்து 8 பெட்டி. அதற்கப்புறம் கடைசி வரை அதே 8தான். மலையும் இல்லை, பள்ளமும் இல்லை. ஒரே ஒரு படி.

நான் நடத்தும் வகுப்புகளின் முதல் நாள் பெரும்பாலும் இந்த 'பீர் கேம்'தான். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியில், பேராசிரியர் ஜே ஃபாரெஸ்டரின் குழு 1960களில் உருவாக்கிய ஆட்டம் இது. கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என்று நான்கு பேர் வரிசையாக உட்காருவார்கள். ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. பக்கத்திலிருப்பவர் அனுப்பும் ஆர்டர் சீட்டு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஆர்டர் போட்டால் சரக்கு உடனே வந்துவிடாது, சில வாரம் ஆகும். கையில் தேங்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் வாரத்துக்கு அரை டாலர் செலவு. கேட்டதைக் கொடுக்க முடியாமல் பாக்கி விழுந்தால் பெட்டிக்கு ஒரு டாலர். விதிகள் அவ்வளவுதான். கால்மணி நேரத்தில் புரிந்துவிடும்.

பிறகு நடப்பதைப் பார்க்க வேண்டும். கடையில் ஸ்டாக் குறைகிறது, கடைக்காரர் 12 பெட்டி கேட்கிறார். அடுத்த வாரமும் சரக்கு வரவில்லை, பதற்றத்தில் 16 கேட்கிறார். அதைப் பார்த்த மொத்த வியாபாரி, வியாபாரம் சூடுபிடித்துவிட்டது என்று நினைத்து 24 போடுகிறார். தொழிற்சாலைக்கு அது போய்ச் சேரும்போது 40 ஆகியிருக்கும். சில வாரம் கழித்து, கேட்டதெல்லாம் ஒன்றாக வந்து இறங்கும். மேஜை நிறையப் பெட்டி, வாங்க ஆளில்லை. அப்போது எல்லாரும் ஆர்டரைப் பூஜ்யம் ஆக்குவார்கள். தொழிற்சாலைக்காரர் என்னைப் பார்த்து, "சார், கஸ்டமர் டேட்டாவை நீங்கள் வேண்டுமென்றே ஏற்றி இறக்குகிறீர்கள்" என்பார். இந்தக் குற்றச்சாட்டை நான் கேட்காத வருஷம் கிடையாது.

அதே எம்ஐடியின் பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் இந்த ஆட்டத்தின் முடிவுகளை ஆராய்ந்து 1989இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். டீம்களுக்கு ஆன செலவு, ஆகியிருக்க வேண்டிய செலவைப்போலச் சராசரியாகப் பத்து மடங்கு. காரணமாக அவர் காட்டியது எளிமையானது. ஏற்கெனவே ஆர்டர் போட்டு வழியில் வந்துகொண்டிருக்கும் சரக்கை ஆட்டக்காரர்கள் கணக்கில் சரியாகச் சேர்த்துக்கொள்வதில்லை. கையில் இருப்பது தெரிகிறது, வழியில் இருப்பது மறந்துபோகிறது. ஆடுபவர் மாணவரானாலும் அனுபவப்பட்ட மேலாளரானாலும் இதில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை.

இது வகுப்பறையோடு நிற்கும் விஷயமும் இல்லை. பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் டயப்பர் ஆர்டர்களை ஆராய்ந்தபோது, கடைகளின் விற்பனையில் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமலிருக்க, விநியோகஸ்தர்களின் ஆர்டர்கள் மட்டும் ஏறி இறங்கியதைக் கண்டது. குழந்தைகள் ஒரே சீராகத்தான் டயப்பரை நனைக்கின்றன, பதறுவது பெரியவர்கள்தான். சாட்டையின் பிடியைக் கொஞ்சம் அசைத்தால் நுனி பலமாக விசிறுமல்லவா, அதனால் இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர்.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், மாணவர்களுக்கான பிசினஸ் சிமுலேஷன் வகுப்புகள் இப்போது எங்கு பார்த்தாலும் முளைக்கின்றன. "நிறுவனத்தை நீங்களே நடத்துங்கள்", "சிஇஓ ஆகுங்கள்" என்று விளம்பரம். முடிவில் ஒரு சான்றிதழ், ஒரு ரேங்க். அந்தப் பட்டியலில் மேலே வருவதுதான் கற்றல் என்று மாணவரும் பெற்றோரும் நம்பிவிடுகிறார்கள். சொல்லப்போனால், நானே முதல் சில வருஷம் அப்படித்தான் மதிப்பெண் போட்டேன்.

அந்த நம்பிக்கையை ஒரு டீம் உடைத்தது. அது கணினியில் ஆளுக்கொரு கம்பெனியை டீம்கள் நடத்தும் வேறோர் ஆட்டம், எட்டு ரவுண்டு; ஒவ்வொரு ரவுண்டிலும் முடிவுகளை உள்ளிட்டால் மென்பொருள் விளைவைக் காட்டும். அதில் அவர்கள் எல்லாரையும் தாண்டி எங்கோ போய்விட்டார்கள். கூப்பிட்டுக் கேட்டேன். விளம்பரச் செலவு ஓர் அளவைத் தாண்டியதும் மென்பொருளின் சூத்திரம் விற்பனையைத் தாறுமாறாகக் கூட்டிக் காட்டுகிறது என்று இரண்டாவது ரவுண்டிலேயே கண்டுபிடித்திருந்தார்கள். அதற்கப்புறம் அவர்கள் வியாபாரமே செய்யவில்லை, அந்த ஓட்டைக்குள் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் முழு மதிப்பெண் கொடுத்தது வேறு எதற்கோ என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

சிமுலேஷன் என்பது யாரோ ஒருவர் எழுதிய கணக்கு. விலையை இவ்வளவு குறைத்தால் விற்பனை இவ்வளவு கூடும் என்பது அவருடைய அனுமானம். உலகம் அப்படித்தான் நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இந்த வகை ஆட்டங்கள் புதிதும் அல்ல. லெனின்கிராடில் மேரி பிர்ஷ்டெய்ன் 1932இலேயே தட்டச்சுப்பொறித் தொழிற்சாலை ஒன்றை வைத்து ஓர் ஆட்டம் உருவாக்கினார். அமெரிக்க மேலாண்மைச் சங்கம் கணினியோடு இணைந்த ஆட்டத்தை உருவாக்கியது 1956இல். அப்போதும் இப்போதும் அடிப்படை ஒன்றுதான்: முடிவெடு, விளைவைப் பார், மறுபடி முடிவெடு. திரை மட்டும் அழகாகியிருக்கிறது.

இப்போது என் வகுப்பில் ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன்னால் ஒரு குறிப்பு எழுத வேண்டும். என்ன முடிவு எடுக்கிறோம், ஏன், அதனால் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம். மூன்று வரி போதும், ஆனால் எண் இருக்க வேண்டும். "விற்பனை கூடும்" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். "1,100 லிருந்து 1,400 ஆகும்" என்று எழுதியாக வேண்டும். முடிவு வந்ததும் அந்தத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 1,400 எதிர்பார்த்து 1,380 வந்தவருக்கும், 900 எதிர்பார்த்து 1,380 வந்தவருக்கும் ஸ்கோர்போர்டில் ஒரே எண்தான். இரண்டாமவருக்கு அடித்தது அதிர்ஷ்டம். முன்கூட்டி எழுதாவிட்டால் அவர் அதைத் திறமை என்று சாகும்வரை நம்பிக்கொண்டிருப்பார்.

ரொக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாணவர்கள் அதிகமாகச் சறுக்குவது இதில்தான். ஒரு டீமின் கையில் 80,000 இருக்கிறது. ஒரு பொருளைச் செய்ய 60 ஆகிறது, விற்பது 100க்கு. முதல் ரவுண்டில் ஆயிரம் செய்து, ஆயிரத்தையும் கடனுக்கு விற்றுவிட்டார்கள். பணம் அடுத்த ரவுண்டு முடிவில்தான் வரும். லாபம் 40,000 என்று திரை காட்டுகிறது, கைதட்டுகிறார்கள். அடுத்த ரவுண்டுக்கு இரண்டாயிரம் ஆர்டர். அதைச் செய்ய 1,20,000 வேண்டும், கையில் மிச்சம் 20,000. வங்கிக்கு முன்கூட்டியே போயிருந்தால் சமாளித்திருக்கலாம். போகாததால் மென்பொருள் தானாகவே அதிக வட்டிக்கு அவசரக் கடனை ஏற்றிவிடும். "சார், லாபத்தில் இருக்கும்போது எப்படி சார் பணம் இல்லாமல் போகும்?" என்று நிஜமான அதிர்ச்சியோடு கேட்பார்கள். பாடப்புத்தகத்தில் இதே விஷயத்தைப் படித்துத் தேர்விலும் எழுதியவர்கள்தான் கேட்பது. இந்த ஒரு கேள்வி அவர்கள் வாயிலிருந்து வந்துவிட்டால், என்னைப் பொறுத்தவரை பாதிக் கட்டணம் வசூல்.

டீம் என்று பெயர் இருக்கும், வேலை செய்வது எக்செல் தெரிந்த ஒருவராக இருப்பார். மற்றவர்கள் சுற்றி நின்று தலையாட்டுவார்கள். இதற்கு நான் கண்ட வைத்தியம் கொஞ்சம் முரட்டுத்தனமானது. நடுவில் ஒரு ரவுண்டில் அந்த எக்செல் ஆளை "நீங்கள் இன்றைக்கு லீவு" என்று வெளியே அனுப்பிவிடுவேன். உள்ளே ஒரே கலவரம். எந்தக் கோப்பில் எது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. விற்பனை பார்ப்பவர் 900 போகும் என்று நினைத்திருப்பார், உற்பத்தி பார்ப்பவர் 1,400 செய்திருப்பார், இருவரும் அருகருகே உட்கார்ந்திருந்தும் பேசியே இருக்க மாட்டார்கள். லீவில் போனவரும் பாடம் படிப்பார், கொஞ்சம் கசப்பாக.

கடைசி ரவுண்டுக் கொள்ளை என்று ஒன்று உண்டு. இதுதான் முடிவு என்று தெரிந்ததும் ஆராய்ச்சிச் செலவை நிறுத்துவார்கள், ஊழியர் பயிற்சியை வெட்டுவார்கள், இயந்திரப் பராமரிப்பைக் கைவிடுவார்கள். நாளை இல்லாத கம்பெனிக்கு எதற்குச் செலவு? லாபம் துள்ளும். அதனால் எது கடைசி ரவுண்டு என்று நான் சொல்வதே இல்லை. ஆள்குறைப்புக்கும் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் நாற்பது பேர் வேலை போய்விடும், அங்கே யாரும் அழமாட்டார்கள். ஆகவே பொத்தானை அழுத்துமுன் அந்த நாற்பது பேருக்கும் அனுப்ப வேண்டிய கடிதத்தை எழுதி, வகுப்பில் எழுந்து நின்று படிக்க வேண்டும். பாதிப் பேர் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வார்கள். சிலர் அப்படியே படித்துவிட்டு அழுத்துவார்கள், அதுவும் சரிதான். என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்கிறார்கள்.

நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "சிமுலேஷனில் முதலிடம்" என்று எழுதினால் எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. எத்தனை டீம், எவ்வளவு போட்டி என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அதைவிட, தப்பாய்ப் போன ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொண்டு, அப்போது என்ன நினைத்தீர்கள், எந்த எண் பொய்த்தது, அடுத்த ரவுண்டில் எதை மாற்றினீர்கள் என்று இரண்டு நிமிடம் பேசிப் பாருங்கள்.

பணம் கட்டுமுன் நடத்துபவரிடம் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். ஒரு டீமில் எத்தனை பேர்? ஐந்தைத் தாண்டினால் ஓரிருவர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். பொறுப்புகள் ரவுண்டுக்கு ரவுண்டு மாறுமா? மதிப்பெண்ணில் ரேங்குக்கு எவ்வளவு பங்கு? நான் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுப்பதில்லை. நடத்துபவர் அந்த ஆட்டத்தைத் தானே முழுதாக ஆடியிருக்கிறாரா? முக்கியமாக, ஒவ்வொரு ரவுண்டும் முடிந்த பிறகு உட்கார்ந்து அலச எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்? ஆடும் நேரத்துக்குச் சமமாக இருந்தால் தயங்காமல் சேரலாம். "அதற்கெல்லாம் நேரம் இருக்காது, முடிவு திரையிலேயே வந்துவிடும்" என்று பதில் வந்தால், அந்தக் காசில் நல்லதொரு கணக்குப்பதிவு வகுப்பில் சேர்ந்துவிடுங்கள். இருப்புநிலைக் குறிப்பையாவது படிக்கத் தெரிந்திருக்கும்.