பேக்கிங் பவுடர் இல்லாமலே உப்பியெழும் புட்டிங்

இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு என்றால் ரோஸ்ட் செய்த மாட்டிறைச்சி, அதன் பக்கத்தில் ஓரம் எழும்பி நடுவே குழிந்த யார்க்‌ஷயர் புட்டிங். பெயரைப் பார்த்து இனிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். மைதா, முட்டை, பால், உப்பு, அவ்வளவுதான். ஈஸ்ட் கிடையாது, பேக்கிங் பவுடரும் கிடையாது. ஆனாலும் ஓவனில் வைத்தால் பல மடங்கு எழும்பிவிடும்.

இது முதலில் உப்பலான பண்டமே அல்ல. இறைச்சி ரோஸ்ட் ஆகும் நெருப்பருகே பிறந்தது. 18ஆம் நூற்றாண்டில் ரோஸ்ட் செய்வது என்றால் ஓவனுக்குள் வைப்பது அல்ல. இறைச்சியை இரும்புக் கம்பியில் கோத்து, தணலுக்கு முன்னால் சுற்றிக்கொண்டே இருப்பது. நெருப்பின் மேலே அல்ல, எதிரே. வெப்பம் கதிர்வீச்சாக ஒரு பக்கம்தான் படும். சுற்றாவிட்டால் அந்தப் பக்கம் கருகும், மறுபக்கம் வேகாது. சுற்றுவதற்குச் சிறுவர்களை வைத்தார்கள். பிறகு, சுவரில் மாட்டிய சக்கரத்துக்குள் குட்டைக்கால் நாய்களை ஓடவிட்டார்கள். பாவம், அவற்றுக்கு வாசனையோடு சரி.

இந்த முறையில் ஒரு வசதி உண்டு. ஈரம் இருக்கும்வரை இறைச்சியின் மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. ஆனால் புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து மணமும் பழுப்பு நிறமும் தரும் மையார் வினை சுமார் 140 டிகிரியில்தான் வேகம் பிடிக்கும். திறந்த நெருப்பின் முன்னால் நீராவி தங்காமல் போய்விடுவதால் மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்து சிவக்கும். மூடிய ஓவனில் வைப்பதெல்லாம் ரோஸ்ட்டே அல்ல, வெறும் பேக்கிங் என்று பழைய சமையல்காரர்கள் முணுமுணுத்ததில் நியாயம் இருக்கிறது.

சரி, சுற்றும் இறைச்சியிலிருந்து கொழுப்பு சொட்டிக்கொண்டே இருக்குமே, அதை வீணாக்குவதா? 1737இல் அச்சான ஒரு சமையல் குறிப்பு, கரைத்த மாவை ஆட்டிறைச்சிக்குக் கீழே வைத்து அந்தக் கொழுப்பைப் பிடிக்கச் சொல்கிறது. 1747இல் ஹன்னா கிளாஸ் தன் சமையல் புத்தகத்தில் இதற்கு யார்க்‌ஷயர் புட்டிங் என்று பெயர் போட்டார். அவர் சொல்லும் பக்குவம் நுணுக்கமானது: சட்டியில் கொழுப்பு கொதிக்கும்போது மாவை ஊற்ற வேண்டும். ஏறக்குறைய வெந்ததும், கொழுப்பு பிடிக்கும் தட்டில் ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் சட்டியை வைக்க வேண்டும். அப்போதுதான் கீழே சேரும் கொழுப்பு கறுக்காது. மேலிருந்து சொட்டுவது புட்டிங்கில் விழும். பல வீடுகளில் இதைக் குழம்போடு முதலிலேயே பரிமாறினார்கள். வயிறு பாதி நிறைந்தால் விலையுயர்ந்த இறைச்சி குறைவாகச் செலவாகும் என்ற கணக்குதான்.

ஓவனோடு சேர்ந்த இரும்பு அடுப்புகள் 19ஆம் நூற்றாண்டில் வீடுகளுக்கு வந்தபோது, புட்டிங்கைச் சுற்றி எல்லாப் பக்கமும் சூடு கிடைத்தது. இப்போது ஓவனைச் சுமார் 220 டிகிரிக்குச் சூடாக்கி, அச்சுத் தட்டில் கொழுப்பு புகையும்போது மாவை ஊற்றுகிறார்கள். ஊற்றியதுமே தட்டைத் தொடும் அடிப்பகுதியும் ஓரமும் இறுகிவிடும். பாலில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அது நீராவியாகும்போது சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். வெளியேற வழியில்லாமல் மாவைத் தள்ளும். மைதாவின் குளூட்டன் என்ற புரத வலை கிழியாமல் இழுபடும். பூரி உப்புவதும் இதே நீராவியால்தான். ஆனால் பூரி ஆறினால் அமுங்கிவிடும். இங்கே முட்டைப் புரதம் உறைந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும். சூட்டுத் தட்டை ஒட்டிய ஓரம் முதலில் இறுகி மேலேறுகிறது, நடுப்பகுதி பின்தங்குகிறது. குழம்பு ஊற்ற வாகான குழி அப்படி வந்ததுதான்.

வெண்ணெய் இந்த வேலைக்கு ஆகாது. அதிலுள்ள பால் புரதம் அந்தச் சூட்டில் கருகிவிடும். மாட்டுக் கொழுப்பு தாங்கும். 2008இல் பிரிட்டனின் வேதியியலாளர் சங்கமான ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி, 4 அங்குல உயரமாவது இல்லாதது யார்க்‌ஷயர் புட்டிங்கே அல்ல என்று பாதி விளையாட்டாகத் தீர்ப்பு சொன்னது. அந்த அளவுகோலில் ஹன்னா கிளாஸ் தேறுவது சந்தேகம்தான். உயரம் வேண்டுமென்றால் பாதியில் ஓவன் கதவைத் திறக்கக் கூடாது. சூடு இறங்கினால் நீராவி குளிர்ந்து தண்ணீராகிவிடும், புரதமும் அதற்குள் உறைந்திருக்காது, எழும்பியது அப்படியே உட்கார்ந்துவிடும்.