பனி தின்னாத டிஸ்க்

கோத்தகிரி வாசகர் ஒருவரின் கேள்வி: “லேப்டாப்பில் விண்டோஸ் திறக்கவில்லை. மீட்பு பென் டிரைவில் பூட் செய்தால் டிஸ்க்கே இல்லை என்கிறது. பயாஸில் மட்டும் டிஸ்க்கின் பெயர் தெரிகிறது. மார்கழிப் பனியில் டிஸ்க் போய்விட்டது என்கிறார்கள். மகளின் ப்ராஜெக்ட் முழுக்க அதில்தான். போயே போச்சா?”

எது கெட்டாலும் பனியைச் சொல்வது நம் மலையில் பழக்கமாகிவிட்டது. காரணம் தேடுவதை அது நிறுத்திவிடுகிறது என்பதுதான் எனக்குள்ள வருத்தம். பயாஸில் பெயர் தெரிந்தால் டிஸ்க் உயிரோடு இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் பென் டிரைவுக்கு ஏன் தெரியவில்லை?

மேட்டுப்பாளையம் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாறு தாண்டியதும் பல் தண்டவாளத்தைப் பிடித்து ஏறும் நீராவி எஞ்சின் குன்னூரில் கழன்றுகொள்ளும். அங்கிருந்து ஊட்டிக்கு இழுப்பது டீசல் எஞ்சின். கணினியிலும் இப்படி ஒரு குன்னூர் உண்டு. பவர் பட்டனை அழுத்தியதும் வேலையை எடுத்துக்கொள்வது மதர்போர்டில் உள்ள யுஇஎஃப்ஐ; நாம் பழக்கத்தில் பயாஸ் என்பது இதைத்தான். டிஸ்க்கைப் படிக்கும் வழி அதற்குத் தெரியும். பென் டிரைவிலிருந்து விண்டோஸ் பிஇ என்ற குட்டி விண்டோஸை அப்படியே ராமில் ஏற்றிவிட்டு, பொறுப்பை ஒப்படைத்து விலகிவிடும். விலகும்போது அதன் டிஸ்க் டிரைவர்களும், அதாவது டிஸ்க்கோடு பேசும் மென்பொருளும், போய்விடும். இனி விண்டோஸ் தன் சொந்த டிரைவரை வைத்துத்தான் டிஸ்க்கைப் பார்த்தாக வேண்டும்.

அந்தப் பார்க்கும் விதம் இருக்கிறதே, அதில்தான் எனக்கு மயக்கம். மதர்போர்டில் கருவிகளை இணைக்கும் பிசிஐ பாதையில் உள்ள ஒவ்வொரு கருவியும் இரண்டு எண்களைச் சொல்லும்: தயாரித்தவர் யார், பொருள் எது. இன்டெலின் எண் 8086. 1978இல் வந்த அவர்களுடைய சிப்பின் பெயரே அதுதான்! எண்ணோடு தன் வகையையும் கருவி சொல்லும். “நான் என்விஎம்இ வகை” என்று ஒரு எஸ்எஸ்டி (இன்றைய லேப்டாப்களில் உள்ள டிஸ்க்) சொன்னால் போதும், விண்டோஸிடம் அதற்குப் பொதுவான டிரைவர் ஏற்கனவே இருக்கிறது. ஆனால் இன்டெலின் 11ஆம் தலைமுறை ப்ராசஸரிலிருந்து பல லேப்டாப்களில் விஎம்டி என்ற கட்டுப்படுத்தி வாசலில் நிற்கிறது, எஸ்எஸ்டி அதன் முதுகுக்குப் பின்னால். 11ஆம் தலைமுறையில் வாசலில் நிற்பவர் சொல்லும் எண் 8086, 9ஏ0பி. எந்த எண்ணுக்கு எந்த டிரைவர் என்று சொல்பவை ஐஎன்எஃப் கோப்புகள்; பென் டிரைவில் உள்ளவற்றில் அந்த எண் இல்லையென்றால் விண்டோஸ் பிஇ பேசாமல் கடந்துவிடும். டிஸ்க்கை யாரும் கூப்பிடவே இல்லை!

சரி, செய்ய வேண்டியது. லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான, விஎம்டியோடு பேசத் தெரிந்த இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை, வேறொரு கணினியில், இறக்குங்கள். சிலர் அதை இஎக்ஸ்இ கோப்பாக மட்டும் தருகிறார்கள். தவிப்பில் இருப்பவரை இப்படி அலைய விடுவது நியாயமே இல்லை. அந்தக் கோப்பை விரித்து, ஐஎன்எஃப் உள்ள ஃபோல்டரை முழுதாகப் பென் டிரைவில் வையுங்கள். பிஇயின் கட்டளைத் திரையில் ‘டிஆர்விலோட்’ (drvload) என்று அடித்து, ஐஎன்எஃப் இருக்கும் இடத்தைக் கொடுங்கள். டிரைவர் எழுந்ததும் விஎம்டிக்குப் பின்னால் இருப்பதை எண்ணும். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் டிஸ்க்பார்ட்டில் (diskpart) பார்த்தால் உங்கள் டிஸ்க்கும் வந்திருக்கும். எல்லாம் ராமில் நடப்பதால் ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி ஏற்ற வேண்டும்.

பயாஸில் விஎம்டியை அணைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அணைத்த பிறகு, ஏற்கனவே உள்ள விண்டோஸ் பூட் ஆகாமலே போகலாம். என் லேப்டாப்புக்கும் இதே நிலை வந்தபோது ஒரு கடையில் டிஸ்க்கை மாற்றிவிடலாம் என்றார்கள். ஒரு டிரைவர் ஏற்றியதும் எட்டு வருடப் புகைப்படங்கள் அப்படியே இருந்தன. அன்றிலிருந்து இந்தக் கேள்வி யார் கேட்டாலும் விரிவாகத்தான் பதில் சொல்கிறேன்.

டிஸ்க் தெரிந்தும் திறக்காமல், விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்பு எண் தேவைப்படும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடுங்கள். திறந்ததும் ரிப்பேர் எதையும் தொடாதீர்கள். முதலில் மகளின் ப்ராஜெக்ட் வெளி டிஸ்க்குக்குப் போகட்டும்.