முகம் வெளிறும், நெஞ்சு அடிக்கும், அரை மணித்தியாலத்தில் அடங்கும்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய சின்னம்மாவுக்கு மாதத்தில் சில தடவை திடீரென்று தலையிடி வருகிறது. முகம் வெளிறிப்போகிறது, உடுப்பு நனையும் அளவுக்கு வியர்க்கிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. அரை மணித்தியாலத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பிரசர் சரியாக இருக்கிறதாம். வீட்டில் பேய்க்கோளாறு என்று நூல் கட்டிவிட்டார்கள். "இது என்ன வருத்தம்?" என்பது கேள்வி.

பெரும்பாலும் இது சாதாரணமான ஒன்றாகவே இருக்கும். பதற்றம், தைரொயிட் கோளாறு, மாதவிடாய் நிற்கும் காலம், சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவருக்குச் சீனி சட்டென்று இறங்குவது என்று காரணங்கள் பல. ஆனால் தலையிடி, வியர்வை, படபடப்பு மூன்றும் ஒன்றாக வந்து ஒன்றாகப் போனால், வைத்தியர்கள் ஒரு அரிய கட்டியையும் மனதில் வைப்பார்கள். அதன் பெயர் பியோகுரோமோசைட்டோமா. பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு 2 முதல் 8 பேரிடம்தான் இது கண்டுபிடிக்கப்படுகிறது.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல இருக்கும் அதிரீனல் சுரப்பியைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நாய் துரத்தினால் அதன் உட்பகுதி அதிரீனலினையும் நோரதிரீனலினையும் குருதிக்குள் விடும். இதயம் வேகமாக அடிக்கும், பிரசர் ஏறும், நாம் ஓடுவோம். இந்தக் கட்டி வளர்வது அதே உட்பகுதியில். துரத்த நாயே இல்லாதபோதும் அது ஓமோனைக் கொட்டும்.

இந்த ஓமோன்கள் தோலுக்குப் போகும் குருதிக் குழாய்களை இறுக்கிவிடுவதால் முகம் வெளிறும். மாதவிடாய் நிற்கும் காலத்துச் சூடு வந்தால் முகம் சிவக்கும். ஆகவே தாக்கம் வரும்போது முகம் சிவந்ததா, வெளிறியதா என்று பக்கத்தில் இருப்பவர் கவனித்துச் சொன்னால் வைத்தியருக்குப் பெரிய உதவி. குனியும்போது, பாரம் தூக்கும்போது, வயிறு அமுங்கும்போது, வாந்திக்குக் கொடுக்கும் மெற்றோகுளோபிரமைட் போன்ற மருந்துக்குப் பிறகு தாக்கம் வந்தாலும் சொல்லுங்கள். எழும்பி நிற்கும்போது தலை சுற்றுவது, காரணமில்லாமல் மெலிவது, இள வயதிலேயே பிரசர் ஏறுவது, மூன்று மருந்து எடுத்தும் அது இறங்காமல் இருப்பது எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டியவை. இந்தக் கட்டியுள்ள சிலருக்குப் பிரசர் எப்போதுமே உயர்ந்திருக்கும். வேறு சிலருக்குத் தாக்கத்தின்போது மட்டும்தான் ஏறும்.

சரி, வந்து வந்து மறையும் ஒன்றை எப்படிப் பிடிப்பது? குருதியில் அதிரீனலின் சில நிமிடங்களே நிற்கும். தாக்கம் முடிந்து இரத்தம் எடுத்தால் அது கிடைக்காமல் போகலாம். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது.

கட்டியின் கலங்கள் ஓமோனைச் சின்னஞ்சிறு பைகளில் சேமித்து வைக்கின்றன. உன்னிச்சைக் குளத்தை எண்ணிப் பாருங்கள். வான்கதவு திறந்தால்தான் வெள்ளம். கதவு மூடியிருந்தாலும் அணைக்கட்டில் கொஞ்சம் கசிவு இருந்துகொண்டே இருக்கும். இந்தப் பைகளும் அப்படித்தான் இரவும் பகலும் கலத்துக்குள்ளேயே கசிகின்றன. கசிந்ததில் பெரும்பகுதி திரும்பவும் பைக்குள் இழுக்கப்படும். மிச்சத்தை அதே கலத்தில் உள்ள கொம்ட் என்னும் நொதியம் பிடித்து, மெதைல் கூட்டம் என்னும் சின்ன இரசாயனத் துணுக்கு ஒன்றைச் சேர்த்து, மெற்றநெஃப்ரினாகவும் நோர்மெற்றநெஃப்ரினாகவும் மாற்றிவிடும். இவை பிரசரை ஏற்றாது. ஆனால் ஓயாமல் குருதிக்குள் வந்துகொண்டிருக்கும். தாக்கம் வந்தாலும் வராவிட்டாலும், கட்டி இருக்கும்வரை இந்தத் தடயம் இருக்கும். அதனால்தான் இன்று வைத்தியர்கள் குருதியிலோ 24 மணித்தியாலம் சேர்த்த சிறுநீரிலோ மெற்றநெஃப்ரின்களை அளக்கிறார்கள். நோயாளி அமைதியாக இருக்கும் நாளிலேயே கட்டி அகப்பட்டுவிடுகிறது!

இதன் வரலாறு இன்னும் அழகானது. 1957இல் அமெரிக்காவில் ஆம்ஸ்ட்ரோங் என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும், இந்தக் கட்டியுள்ளவர்களின் சிறுநீரில் மெதைல் சேர்ந்த ஒரு பொருள் ஏராளமாக இருப்பதாக எழுதினார்கள். அதை வாசித்த ஜூலியஸ் அக்சல்ரொட் என்ற இன்னோர் அமெரிக்க ஆய்வாளர், உடல் அதிரீனலினை அப்படித்தான் செயலிழக்கச் செய்கிறதோ என்று யோசித்துத் தேடி, கொம்ட் நொதியத்தைக் கண்டுபிடித்தார். 1970இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். பத்து லட்சத்தில் ஒரு சிலருக்கே வரும் வருத்தம், நம் எல்லோருடைய உடலிலும் நடப்பதைக் காட்டிக்கொடுத்தது. அரிய நோய்களை ஆராயக் காசு எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

நூல் கட்டுவதிலும் கோயிலில் நேர்ந்துகொள்வதிலும் எனக்குச் சண்டையில்லை. ஆனால் தானாக அடங்கும் வருத்தத்தில், அடங்குவதற்குச் சற்றுமுன் எதைச் செய்தோமோ அதற்கே பெயர் போய்ச்சேரும். தண்ணீர் ஓதிக் கொடுத்தாலும் அடங்கும், கொடுக்காவிட்டாலும் அடங்கும். நெஞ்சு அடிக்கிற அந்த நேரத்திலேயே, வீட்டிலோ பக்கத்து மருந்துக் கடையிலோ பிரசரையும் சீனியையும் அளந்து, நேரத்தோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பியை கிளினிக்குக்குக் கொண்டுபோனால் "ஒன்றுமில்லை" என்று யாரும் சுலபமாகச் சொல்ல மாட்டார்கள். தாக்கம் அடங்காமல் நெஞ்சு நோவோ மூச்சுத் திணறலோ வந்தால் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சோதனைக்கு முன் எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும், சில சோதனை முறைகளில் பனடோலும்கூட முடிவைக் குழப்பும். மெற்றநெஃப்ரின் தெளிவாக உயர்ந்திருந்தால், அதன் பிறகுதான் சீ.டி. ஸ்கானில் கட்டி இருக்கும் இடத்தைத் தேடுவார்கள்.

கட்டியை வெட்டி எடுத்தால் பெரும்பாலானோர் குணமாகிறார்கள். ஆனால் கத்தி வைக்குமுன் பல நாட்கள் அல்பா தடுப்பு மருந்து கொடுத்துக் குருதிக் குழாய்களைத் தளர்த்த வேண்டும். படபடப்புக்கு என்று பீற்றா தடுப்பு மருந்தை முதலில் கொடுத்தால் குழாய்கள் இன்னும் இறுகிப் பிரசர் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். அப்புறம், இந்தக் கட்டி உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது பரம்பரையாக வரும் மரபணு மாற்றத்தால் வருகிறது. ஆகவே ஒருவருக்கு உறுதியானால் அவருக்கு மரபணுச் சோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். மாற்றம் இருப்பது தெரிந்தால், கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒரு குறியும் இல்லாவிட்டாலும் சோதித்துக்கொள்ள வேண்டும்.