கேவியட்: மனுவா, பதிவா?

"நிலத்துக்குக் கேவியட் போட்டாச்சு, இனிமேல் யாரும் விற்க முடியாது." இந்தப் பேச்சை மதுரையிலும் கேட்கலாம், மலேசியாவின் கிள்ளானிலும் கேட்கலாம். கிள்ளானில் அது சரி. மதுரையில் தவறு. அதை நம்பிச் சும்மா இருந்துவிட்டு, பிறகு வில்லங்கச் சான்றிதழில் புதுக் கிரயம் ஏறியிருப்பதைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. இரண்டு நாட்டுச் சட்டங்களும் ஒரே சொல்லை வெவ்வேறு வேலைக்கு வைத்திருக்கின்றன.

கேவியட் லத்தீன் சொல். 'கவேரே' என்றால் விழிப்பாக இருத்தல். அதிலிருந்து வந்த 'கவேயட்' நம் இலக்கணப்படி வியங்கோள் வினை. வாழ்க, வருக என்பதுபோல 'விழிப்பாக இருக்க' என்று படர்க்கையில் ஒருவரைப் பார்த்துச் சொல்வது. ஆங்கிலத்தில் எச்சரிக்கையைக் குறிக்கும் 'காஷன்' என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான்.

சட்டத்துக்குள் இது நுழைந்தது உயில்கள் வழியாக. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை உயிலை மெய்ப்பிக்கும் வேலை திருச்சபை நீதிமன்றங்களிடம் இருந்தது. "என்னை விசாரிக்காமல் இந்த உயிலுக்குச் சான்று கொடுத்துவிடாதீர்கள்" என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதுதான் கேவியட். அதிகாரியின் கையைச் சற்று நிறுத்தி வைக்கும் எழுத்து என்று புரிந்துகொண்டால், பின்னால் வந்த இரண்டு கிளைகளும் விளங்கும்.

இந்தியக் கிளை நீதிமன்றத்தோடு நின்றுவிட்டது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 148-ஏ பிரிவு 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. எதிராளி வழக்குப் போட்டு, நமக்குத் தெரியாமலே இடைக்கால உத்தரவு வாங்கிவிடுவார் என்ற அச்சம் இருந்தால், நமக்கும் அறிவிப்பு கொடுத்துவிட்டு முடிவு செய்யும்படி முன்னதாகவே மனுப் போடலாம். அதன் ஆயுள் 90 நாள். அப்புறம் புதிதாகப் போட வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. வழக்கு நடக்கும்போது நிலம் கைமாறினால், வாங்கியவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்ற பாதுகாப்பைத் தருவது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. அதுகூடக் கிரயம் பதிவாவதைத் தடுக்காது. பதிவான கிரயத்தைத் தீர்ப்புக்கு உட்பட்டதாக ஆக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு கிளை ஆஸ்திரேலியாவில் முளைத்தது. தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த நிலச் சட்டம் 1858இல் நடைமுறைக்கு வந்தது. பழைய பத்திரங்களைத் தலைமுறை தலைமுறையாகத் துருவிப் பார்க்கத் தேவையில்லை, அரசுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உடைமையாளர் என்பது அதன் அடிப்படை. வசதியான ஏற்பாடு. ஆனால் ஆபத்து அங்கேயே இருக்கிறது. பணம் கொடுத்தும் பெயர் ஏறாதவர், அண்ணன் பெயரில் இருக்கும் நிலத்தில் பங்கு உள்ள தம்பி, இவர்களெல்லாம் பதிவேட்டின் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். அவர்களுக்காக வைத்த கதவுதான் நிலக் கேவியட். டாரன்ஸ் முறை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாய் மாநிலங்களுக்கு வந்தது. இன்று தீபகற்ப மலேசியாவில் 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் நடப்பில் இருக்கிறது. மலாயில் இதைக் 'காவியட்' என்றே எழுதுகிறார்கள்.

கிள்ளானில் ஒருவர் நிலம் வாங்க ஒப்பந்தம் போட்டு 10 விழுக்காடு முன்பணம் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் கூடுதல் விலைக்கு வேறு ஆள் தேடுகிறார். வாங்குபவர் கேவியட்டுக்கான 19பி படிவத்தை நிரப்பி, தன் உரிமை எப்படி வந்தது என்ற உறுதிமொழியோடும் கட்டணத்தோடும் நில அலுவலகத்தில் கொடுக்கிறார். கோரிக்கை நியாயமா என்று பதிவாளர் விசாரிப்பதில்லை. படிவம் ஒழுங்காக இருந்தால் பதிவேட்டில் தனியார் கேவியட் ஏறியது என்ற குறிப்பு, போட்டவர் பெயர், எந்த நேரத்திலிருந்து செல்லும் என்ற விவரம், எல்லாம் ஏறும். நேரம் முக்கியம். காலையில் வேறொருவரின் கைமாற்றப் படிவம் உள்ளே போய், பிற்பகலில் கேவியட் வந்தால், காலையில் வந்ததை அது தடுக்காது.

இது உரிமையை உருவாக்குவதில்லை. இருப்பதாகச் சொல்லப்படும் உரிமை விசாரித்து முடியும்வரை பதிவேட்டை உறைய வைக்கிறது. சாதாரணக் கடன் பாக்கிக்காகப் போட முடியாது. நிலத்திலேயே பதிவு செய்யத்தக்க உரிமை கோர வேண்டும். தோட்டப்புறத் தமிழர்களை இது மிகவும் வருத்தும் இடம். பல தலைமுறை அங்கேயே வாழ்ந்தோம், அங்கேயே கோயில் கட்டினோம் என்பது மட்டும் போதாது. எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் அனுபவ பாத்தியதையால் நிலம் சொந்தமாகாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. விற்பனை ஒப்பந்தமோ பங்கு உரிமையோ எழுத்தில் இருப்பவரின் கை எப்போதும் ஓங்கியிருக்கும். அதனால் ஒரு துண்டுச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடக் கூடாது.

போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய சிக்கல். தனியார் கேவியட்டின் ஆயுள் 6 ஆண்டு, அதன் பிறகு தானாகக் காலாவதியாகும். சிங்கப்பூரில் 5 ஆண்டுதான். மலேசியாவில் அந்த 6 ஆண்டு முடியும் முன்பே நில உடைமையாளர் அதை நீக்கும்படி பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம். அப்போது கேவியட் போட்டவருக்கு அறிவிப்பு வரும். 2 மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் நீட்டிப்பு உத்தரவு வாங்காவிட்டால் கேவியட் விழுந்துவிடும். பழைய முகவரிக்கு அறிவிப்பு போய், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே தடை போய்விட்டால் மீட்பது கடினம். அப்படி நீங்கியபின் அதே கோரிக்கையை வைத்து மறுபடியும் கேவியட் போடப் பதிவாளர் ஏற்க மாட்டார்.

நீதிமன்றம் எதைப் பார்த்து நீட்டிக்கிறது? 1979இல் லண்டனில் உள்ள மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலில் நீதிபதி லார்ட் டிப்ளாக் ஒரு மலேசிய வழக்கில் இதை இடைக்காலத் தடையாணையோடு ஒப்பிட்டு வழி காட்டினார். 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கோபால் ஸ்ரீராம் அதைப் படிப்படியாக வகுத்தார். முதலில், கேவியட் போடத்தக்க உரிமை காட்டப்பட்டிருக்கிறதா? அடுத்து, விசாரிக்க வேண்டிய அளவுக்கு வலுவான கேள்வி இருக்கிறதா? இரண்டும் இருந்தால், வைத்திருப்பதாலும் நீக்குவதாலும் யாருக்கு எவ்வளவு பாதிப்பு? கேவியட்டைப் போட்டுவிட்டு வழக்கே தொடராமல் காலம் தாழ்த்துபவர் இங்கே இடறுவார். வழக்கில் தோற்று மேல்முறையீடு செய்பவரும், அதுவரை கேவியட்டைக் காப்பாற்றித் தரும்படி தனியே கேட்க வேண்டும். மேல்முறையீடு தானாகத் தடையாகாது. காரணமின்றிப் போட்டவர் இழப்பீடு தர நேரும்.

தடையாணை இருக்கும்போது கேவியட் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. தடையாணை ஆளைக் கட்டுப்படுத்தும், கேவியட் பதிவேட்டைக் கட்டுப்படுத்தும். ஆணையை மீறியவருக்குத் தண்டனை கிடைக்கலாம். ஆனால் நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவர் பெயர் அதற்குள் ஏறிவிட்டால், நிலம் திரும்புவது உறுதியில்லை. பெரிய வழக்குகளில் இரண்டையும் வைத்துக்கொள்வது நல்லது.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம் செய்தித்தாள்கள் 'கேவியட் மனு' என்றும் 'முன்னெச்சரிக்கை மனு' என்றும் எழுதுகின்றன. 148-ஏ பிரிவுக்கு இரண்டாவது சொல் கச்சிதம். அது மனுதான், எச்சரிப்பதும் நீதிமன்றத்தைத்தான். அதையே மலேசிய நிலக் கேவியட்டுக்கும் போட்டால் பொருள் கெடும். நில அலுவலகத்தில் நடப்பது பதிவு, அதன் வேலை தடுப்பது. எனவே 'தடைப்பதிவு' என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. தனிநபர் போடுவது தனியார் தடைப்பதிவு. பதிவாளரே போடுவதைப் பதிவாளர் தடைப்பதிவு எனலாம், அதற்கு 6 ஆண்டு வரம்பு கிடையாது. போட்டவரைத் 'தடைப்பதிவாளர்' என்று சொல்லாமல் இருப்பது நல்லது, பதிவாளரோடு குழம்பும். 'தடை கோரியவர்' போதும். முதல் முறை எழுதும்போது பக்கத்தில் கேவியட் என்றும் சேர்த்து எழுதுங்கள். நில அலுவலகத்தில் போய்க் கேட்பவருக்கு அந்தச் சொல்தான் கைகொடுக்கும்.