ஊசி முனைக்கும் நுரையீரலுக்கும் நடுவே

தோள்பட்டை வலிக்கு அக்குபங்சர் எனும் சீன ஊசிச் சிகிச்சை செய்துகொள்ளும் மலேசியாவின் பட்டர்வொர்த் வாசகி ஒருவர், கால் மில்லிமீட்டர் பருமனுள்ள ஊசியால் நுரையீரலில் ஓட்டை விழுமா என்று கேட்டிருக்கிறார். அரிதாகத்தான், ஆனால் விழும்.

நுரையீரல் விலா எலும்புகளுக்குள் மட்டும் அடங்கியிருப்பதில்லை. அதன் உச்சி, காறை எலும்பின் உட்பகுதிக்கு மேலே 2 முதல் 3 செ.மீ. வரை கழுத்துக்குள் எழுந்து நிற்கிறது. ஆகவே, தோள் இறுக்கத்துக்கு வழக்கமாகக் குத்தப்படும், கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவேயுள்ள ஜியான் ஜிங் புள்ளியில் ஊசி ஆழமாக இறங்கினால், தசையைக் கடந்து அந்த உச்சியைத் தொட்டுவிடக்கூடும். மெலிந்தவர்களின் மேல்முதுகில் தோலுக்கும் நுரையீரலுக்கும் இடைவெளி 2 செ.மீ.கூட இராது.

இனி என்ன நடக்கிறது என்பதுதான் வியப்பு. நுரையீரல் தன் மீள்தன்மையால் எப்போதும் உள்நோக்கிச் சுருங்கப் பார்க்கிறது. மார்புக்கூடோ வெளிநோக்கி விரியப் பார்க்கிறது. இந்த இழுபறியால், இரண்டுக்கும் நடுவே, நுரையீரலையும் மார்புச் சுவரின் உட்புறத்தையும் போர்த்தியிருக்கும் ப்ளூரா எனும் மெல்லிய உறைகளுக்கு இடையிலுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிட ஏறத்தாழ 5 செ.மீ. உயர நீர் தரும் அழுத்தத்தின் அளவுக்குக் குறைந்தே இருக்கிறது. ஈரமான இரு கண்ணாடித் தகடுகளைப் போல உறைகள் வழுக்குமே தவிர பிரிவதில்லை. ஊசியைத் தசை இறுகப் பிடித்திருக்க, கீழே நுரையீரல் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்குவதால், அசையாத முனையே அதைக் கீறிவிடுகிறது. ஊசியை எடுத்ததும் தோல் மூடிக்கொண்டாலும், நுரையீரலுக்குள் இருக்கும் காற்று அழுத்தம் குறைந்த அந்த இடைவெளிக்குள் மூச்சுக்கு மூச்சு கசிகிறது. உறைகள் பிரிய, நுரையீரல் சுருங்குகிறது.

கசிவு மெதுவானது என்பதால் மூச்சுத்திணறலும் மார்புவலியும் சில மணிநேரம் கழித்தே தெரியலாம். நம்மவர்கள் அதை வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடுவது ஆபத்து. அவசரப் பிரிவுக்குச் சென்று, ஊசி குத்திக்கொண்டதைச் சொல்லி, எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

தேர்ந்தவர் தோள்தசையைக் கிள்ளித் தூக்கி, அதற்குள்ளேயே ஊசியைச் செலுத்துவார். முதுகிலும் நெஞ்சிலும் செங்குத்தாக இறக்காமல் சாய்வாகவே வைப்பார். நெஞ்செலும்பு கேடயம் என்று நம்பி அங்கே நேராகக் குத்துவதும் தவறு: ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்கு அதில் பிறவியிலேயே துளை உண்டு, அதன் பின்னால் இருப்பது இதயம்.

மலேசியாவின் 2016ஆம் ஆண்டுப் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம் சிகிச்சையாளர்கள் பதிவு பெற வேண்டும் என்கிறது. உடலில் ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் ‘சி’ எனும் உயிராற்றல் உண்டா என்ற வாதத்துக்குப் போகும் ஆய்வுப் பணத்தில் ஒரு பங்கை, நம் மக்களின் உடலில் தோலிலிருந்து ப்ளூரா வரையுள்ள ஆழத்தை அல்ட்ராசவுண்டால் அளப்பதற்குக் கொடுக்கலாம் என்பேன்.