ஓப்பனிங் வீடியோ இல்லையென்றாலும் புகார் கொடுக்கலாம்

ஆடித் தள்ளுபடி முடிந்தால் போதும், நுகர்வோர் வழக்கு நடத்தும் எங்களைத் தேடி ஒரே மாதிரியான புகார்கள் வரும். இந்த வாரம் வந்த அம்மா, இன்ஸ்டாகிராமில் ‘சுத்தப் பட்டு’ என்று பார்த்து வாங்கிய புடவையைக் கையோடு கொண்டு வந்திருந்தார். முந்தானையிலிருந்து ஒரு நூலை உருவித் தீயில் காட்டினோம். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும்; இதில் அந்த வாடையே இல்லை. உருகிச் சுருண்டு, கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டது. பாலியஸ்டர். கடைக்காரர் சொன்ன பதில்: “ஓப்பனிங் வீடியோ இல்லையே மேடம், ஒண்ணும் பண்ண முடியாது.” அந்த அம்மாவும் அதை நம்பிச் சும்மா இருந்துவிட்டார்.

தயவுசெய்து நம்பாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது கடைக்காரர் தன் வசதிக்குப் போட்டுக்கொண்ட நிபந்தனை. ‘நோ ரிட்டர்ன், நோ ரீஃபண்ட்’ என்று எழுதி வைப்பதும் அப்படித்தான். பொருள் பழுதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகவோ இருந்தால், திரும்பப் பெறவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது என்று 2020-இல் வந்த மின்வணிக விதிகள் சொல்கின்றன. “படித்துப் பார்த்து ஓகே கொடுத்தேனே சார்” என்பார்கள். நீங்கள் ஓகே கொடுத்ததால் சட்டம் ரத்தாகிவிடாது. வீட்டிலிருந்தே விற்பவர்தான் என்றாலும், அதையே தொழிலாகச் செய்தால் இந்த விதிகள் அவருக்கும் உண்டு. நிறம் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்றால் மட்டும் கதை வேறு; அங்கே கடையின் நிபந்தனைதான் பேசும்.

வீடியோ எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுங்கள், நல்ல சாட்சி. அதைவிட முக்கியம், வாங்கும் முன்பே அந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது. பிரச்சினை என்றதும் முதலில் காணாமல் போவது அந்தப் பதிவுதான். விற்பவரின் பெயர், முகவரி எங்கும் இல்லையென்றால் வாங்கவே வாங்காதீர்கள். ‘இன்னும் 2 மட்டுமே’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, 2023 நவம்பரில் மத்திய அரசு தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று.

சரி, ஏமாந்தாயிற்று. முதலில் கடைக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள், அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை சூரத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, வக்கீலாக இருந்துகொண்டே சொல்கிறேன், 1,500 ரூபாய்ப் புடவைக்கு நீங்களே வாதாடலாம்.

பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால் அது மோசடி. காத்திருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்; மோசடிக்காரரின் கணக்கிலிருந்து பணம் கைமாறும் முன் தகவல் போனால்தான் அந்தக் கணக்கை முடக்க வழியுண்டு. கோபத்தில் வாட்ஸ்அப் உரையாடலை மட்டும் அழித்துவிடாதீர்கள். எதிராளி யாரென்று கண்டுபிடிக்க, அதில் இருக்கும் எண்ணையும் நீங்கள் பணம் அனுப்பிய யூபிஐ விவரத்தையும் விட்டால் எங்களுக்கு வேறு பிடி கிடைப்பதில்லை.