வீட்டுக் குரல்கள் பதிந்த கேசட்டா? உடனே போட்டுக் கேட்காதீர்கள்

சினிமாப் பாட்டுக் கேசட் கெட்டால் கெடட்டும். அந்தப் பாட்டு வேறெங்காவது நல்ல தரத்திலேயே கிடைக்கும். 1980களில் வளைகுடாவிலிருந்து கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட், கல்யாண வீட்டு நலங்குப் பாட்டு, கோயில் கொடையில் டூ-இன்-ஒன்னை (ரேடியோவும் கேசட் ரெக்கார்டரும் சேர்ந்த பெட்டி) முன்னால் வைத்துப் பதிந்த வில்லுப்பாட்டு, இவற்றுக்கு உலகத்திலேயே அந்த ஒரு பிரதிதான். பரணில் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்த டேப், கண்டெடுத்த அன்றே ஆசையாகப் பழைய பிளேயரில் போட்டதும் சிக்கி அறுந்துவிடுகிறது. அதுதான் வருத்தம். அப்படி ஆகாமல் அந்தக் குரலைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவைக்கும் வழி இது.

முதலில் கேசட்டின் ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடியோ வலையோ தெரிந்தால் அது பூஞ்சை. நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றுக்கு இது சகஜம். அப்படியே ஓட்டினால் பிளேயரில் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு சில நாள் காயவைத்து, பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியிடத்தில் மென்மையான, நூல் பிரியாத துணியால் துடைத்தபடி கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். ஓவனில் சூடாக்கச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். அது சில வகை ஸ்டூடியோ ஸ்பூல் டேப்களுக்கான வைத்தியம்.

அடுத்து, டேப் வெளியே தெரியும் விளிம்பின் நடுவே செம்புத் தகட்டில் ஒட்டிய சின்ன ஃபெல்ட் துண்டு இருக்கிறதா பாருங்கள். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து விழுந்திருந்தால் சத்தம் மங்கி, வந்து வந்து போகும். ஐந்து ஸ்க்ரூ உள்ள வேறொரு நல்ல கேசட் கூட்டுக்குச் சுருளை மாற்றலாம். மேஜையில் படுக்கவைத்து மேல் மூடியை மட்டும் தூக்குங்கள். சுருளைக் கையில் எடுத்தால் நடுவிலிருந்து சரிந்துவிடும். அறுந்த இடத்தை 3.81 மி.மீ. அகல ஸ்ப்ளைசிங் டேப்பால் (அறுந்த டேப்பை ஒட்டவென்றே உள்ள பட்டை), ஹெட்டைத் தொடாத பக்கத்தில் ஒட்டுங்கள். செலோடேப் கூடவே கூடாது. அதன் பசை கசிந்து அடுத்த சுற்றையும் பிடித்துக்கொள்ளும். பின்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிட்டால் தவறுதலாக மேலே ரெக்கார்ட் ஆகாது.

கையடக்க யூஎஸ்பி கேசட் பிளேயர் மலிவாகக் கிடைக்கிறது. இந்த வேலைக்கு அது வேண்டாம். வேகம் அலைந்து குரல் நடுங்கும். பெல்ட் மாற்றி சர்வீஸ் செய்த பழைய கேசட் டெக் (ஸ்டீரியோ செட்டோடு இணைக்கும் பெரிய பிளேயர்) எதுவானாலும் மேல். ஹெட்டையும், டேப்பை இழுக்கும் உலோகத் தண்டான கேப்ஸ்டனையும் 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால், பழுப்பு வராத வரை துடையுங்கள். ரப்பர் ரோலருக்கு சோப்புத் தண்ணீர் போதும். கேட்கும் முன் ஒரு முறை ஃபாஸ்ட் ஃபார்வர்டில் கடைசிவரை ஓடவிட்டுத் திரும்பச் சுற்றினால் ஒட்டியிருக்கும் சுற்றுகள் விடுபடும்.

இப்போது பெரும்பாலானோர் தவறவிடும் விஷயம்: அசிமத், அதாவது ஹெட்டின் சாய்வு. ஹெட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிளவு உண்டு. டேப்பைப் பதிந்த ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ, படிக்கிற ஹெட்டும் அதே சாய்வில் இருக்க வேண்டும். பதிந்த மிஷின் எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்கும். அதன் சாய்வு டேப்பில் அப்படியே இருக்கிறது. அதனால் உங்கள் டெக் சரியாகவே இருந்தாலும் குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்கும். ஹெட்டின் ஒரு பக்கத்தில், அடியில் ஸ்பிரிங் வைத்த சிறு ஸ்க்ரூ இருக்கும். பழைய இடத்தை மையால் குறித்துக்கொண்டு, இரண்டு சானலையும் மோனோவாகக் கலந்து ஹெட்போனில் கேட்டபடி, காந்தமில்லாத ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். 'ச', 'ஸ' ஒலிகள் எங்கே கூர்மையாகின்றனவோ அங்கே நிறுத்துங்கள். கேசட்டுக்குக் கேசட், சில நேரம் பக்கத்துக்குப் பக்கம் இது மாறும். இங்கே இழந்த கூர்மையை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது.

டூ-இன்-ஒன்னில் பதிந்தவற்றுக்கு டெக்கில் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பட்டனை அணைத்தே வையுங்கள். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு (ஒலியை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் சிறு பெட்டி) வயர் கொடுங்கள். லேப்டாப்பின் மைக் துளை வேண்டாம், பெரும்பாலும் அது மோனோ, சத்தமும் உடைந்து பதியும். பதிவதற்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ, உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல். 'உம்ம்' என்ற இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். 90 நிமிடக் கேசட்டின் வேவ் ஃபைல் சுமார் 1.5 ஜிபி வரும்; ஃப்ளாக் (FLAC) வடிவத்துக்கு மாற்றினால் தரம் குறையாமல் இடம் மிச்சமாகும்.

இரைச்சல் நீக்குவதைப் பிரதியில் மட்டும் செய்யுங்கள், 6 டெசிபல் அளவுக்கு. அதிகமானால் குரல் தண்ணீருக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி3 தனியாக எடுத்துக்கொள்ளலாம். மூல ஃபைலை இரண்டு வேறு ஹார்ட் டிஸ்க்கில், ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். எந்த நிமிடத்தில் யார் பேசுகிறார்கள் என்று வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்துக் கேட்டு, அதே ஃபோல்டரில் எழுதி வையுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், அவர்கள் சொன்னால்தான் தெரியும்.